கச்சேரிக்குக் கூடாரம் போடும் முன்

"இருநூறு பேர்தான் வருவாங்க, எல்லாம் நம்ம ஆளுங்க. ராத்திரி அங்கேயே டென்ட். விடியற்காலையில கடலைப் பார்த்துக்கிட்டே ஒரு சின்னக் கச்சேரி." வாட்ஸ்அப்பில் இப்படி ஓர் அழைப்பு வந்தால் மயிலாப்பூரிலும் அடையாறிலும் உள்ள இசைப் பிரியர்கள் அதிகம் யோசிப்பதில்லை, உடனே ஜிபே செய்துவிடுகிறார்கள். நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் பெரிய கச்சேரி என்றால் வண்டியை எங்கே விடுவது, எந்த வாசல், எப்படித் திரும்புவது என்று ஆயிரம் விசாரிப்போம். தெரிந்தவர் நடத்தும் சின்ன விழா என்றால் கேட்கவே கூச்சமாக இருக்கிறது. கேட்டால் நம்பவில்லை என்று நினைத்துவிடுவார்களோ என்ற கூச்சம். திறந்தவெளி விழாக்களில் நான் மிகவும் பயப்படுவது இந்தக் கூச்சத்துக்குத்தான்.

சின்ன விழாக்கள் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. இந்த நகரத்தில் இசையை அரங்குக்கு வெளியே கொண்டுவந்தவை அவைதான். லஸ் நாகேஸ்வர ராவ் பூங்காவில் மைக் இல்லாமல் பிள்ளைகள் பாடும் கச்சேரி, ஜனவரியில் கபாலீஸ்வரர் கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடக்கும் மயிலாப்பூர் விழா, பெசன்ட் நகரில் மீனவர் குப்பத்துக்குள்ளேயே மேடை போட்டு 2015-இல் தொடங்கிய ஊரூர் ஆல்காட் குப்பம் விழா, கோவளத்தில் அலைச்சறுக்கோடு இசையையும் சேர்த்து 2013-இல் தொடங்கிய விழா எல்லாமே நமக்குக் கிடைத்த நல்ல விஷயங்கள். இவை நிலைக்க வேண்டும் என்பதால்தான் இவ்வளவு பேச வேண்டியிருக்கிறது. ஒரே ஒரு விபத்து போதும், அடுத்த பத்து ஆண்டுகளுக்கு எந்தச் சின்ன விழாவுக்கும் அனுமதி கிடைக்காது.

ஆள் குறைவென்றால் ஆபத்தும் குறைவு என்ற எண்ணத்தைக் கொச்சியில் நடந்த ஒரு சம்பவம் பொய்யாக்கியது. 2023 நவம்பர் 25, கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் நடத்திய விழா. பாடகி நிகிதா காந்தியின் நிகழ்ச்சி தொடங்கவில்லை. வளாகத்துக்குள் இருந்த திறந்தவெளி அரங்கம், உள்ளே செங்குத்தாக இறங்கும் படிகள், கூட்டம் நுழைவதற்குத் திறந்திருந்த ஒரு வாசல். திடீரென்று மழை பிடித்தது. வெளியே நின்றவர்கள் ஒதுங்க இடம் தேடி உள்ளே பாய்ந்தார்கள். முன்னால் இருந்தவர்கள் படியில் விழ, பின்னால் வந்தவர்கள் அவர்கள் மேல் விழுந்தார்கள். நான்கு பேர் இறந்தார்கள். கூட்டத்தில் ரவுடிகள் யாரும் இல்லை, பெரும்பாலும் படிக்கிற பிள்ளைகள். அவர்களுக்கு இல்லாமல் போனது இரண்டாவது வாசல், மழை வந்தால் என்ன செய்வது என்ற முன்யோசனை.

நம் ஊரிலும் பாடம் இருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலை பனையூரில் 2023 செப்டம்பர் 10 அன்று நடந்த ஏ.ஆர்.ரஹ்மானின் 'மறக்குமா நெஞ்சம்' நிகழ்ச்சியைச் சென்னை இன்னும் மறக்கவில்லை. ஆகஸ்ட் 12-இல் நடக்க வேண்டியது மழையால் தள்ளிப்போய் அன்று நடந்தது. செல்லுபடியாகும் டிக்கெட்டோடு வந்தவர்கள் வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டார்கள். குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு நெரிசலில் மாட்டியவர்கள், கூட்டத்தில் தகாத முறையில் தொடப்பட்ட பெண்கள் எனப் பலர் அன்றிரவே சமூக வலைத்தளங்களில் எழுதினார்கள். நிகழ்ச்சியை நடத்திய நிறுவனம் மன்னிப்புக் கேட்டது, காவல்துறை விசாரணை நடத்தியது. உள்ளே வர முடியாதவர்கள் டிக்கெட் நகலையும் குறையையும் எழுதி அனுப்பும்படி ரஹ்மான் கேட்டுக்கொண்டார். டிக்கெட்டைப் பத்திரமாக வைத்திருந்தவரால்தான் அந்தக் கட்டத்தில் பேச முடிந்தது என்பதைக் கவனியுங்கள்.

கரூரில் 2025 செப்டம்பர் 27 அன்று அரசியல் பிரசாரக் கூட்டத்தில் 41 உயிர்கள் போன பிறகு, நெரிசல் என்றால் என்னவென்று தமிழ்நாட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் அது எப்படித் தொடங்குகிறது என்பதைச் சொல்ல வேண்டும். ஒரு சதுர மீட்டரில் இரண்டு மூன்று பேர் நின்றால் நடக்கலாம். ஐந்து பேரைத் தாண்டினால் உங்கள் கால் உங்கள் வசத்தில் இருக்காது, கூட்டம் தள்ளுகிற பக்கம் போவீர்கள். பாக்கெட்டில் உள்ள போனை எடுக்கக் கை இறங்கவில்லை என்றால் அதுதான் எச்சரிக்கை மணி. பாட்டு எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்த நிமிடமே வெளியேறத் தொடங்குங்கள். நேராகத் தள்ளாதீர்கள், கூட்டம் ஓர் அலை போல முன்னும் பின்னும் ஆடும், அது தளரும்போது குறுக்காக ஓரத்தை நோக்கி ஓரிரண்டு அடி நகருங்கள். இரண்டு கைகளையும் மார்புக்கு முன்னால் மடக்கி வைத்து மூச்சுக்கு இடம் வையுங்கள். நெரிசலில் பெரும்பாலானவர்கள் மிதிபட்டு இறப்பதில்லை, மார்பு அமுங்கி மூச்சுவிட முடியாமல் இறக்கிறார்கள். விழுந்த செருப்பையும் பையையும் குனிந்து எடுக்காதீர்கள்.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை

முதல் கேள்வி: எத்தனை பேருக்கு அனுமதி வாங்கியிருக்கிறீர்கள்? எத்தனை டிக்கெட் விற்றிருக்கிறீர்கள்? ஒழுங்காக நடத்துபவர் இதற்குச் சட்டென்று பதில் சொல்வார். காவல்துறை அனுமதி, ஒலிபெருக்கி அனுமதி, தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று ஆகியவை கையில் இருக்கின்றனவா என்று கேளுங்கள். இடம் எந்தக் காவல் எல்லைக்குள் வருகிறது என்பதும் முக்கியம். சென்னைக் கச்சேரி என்று விளம்பரம் இருக்கும். பனையூர் தாம்பரம் காவல் ஆணையரகத்தில் இருக்கிறது, மாமல்லபுரம் பக்கம் போனால் செங்கல்பட்டு மாவட்டக் காவல்துறை. அவசரத்துக்கு எந்த நிலையத்தை அழைப்பது என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

எத்தனை வாசல்கள், மழை வந்தால் எங்கே ஒதுங்குவது, ஆம்புலன்ஸ் எந்த வழியாக மேடைப் பக்கம் வரும், குடிநீர் இலவசமா, இரவில் பெண்களுக்குத் தனிக் கழிவறை உண்டா, அதன் பாதையில் விளக்கு உண்டா? தண்ணீரைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். 2024 அக்டோபர் 6 அன்று மெரினாவில் விமானப்படை சாகச நிகழ்ச்சி பார்க்கப் போனவர்களில் ஐந்து பேர் இறந்தார்கள். உச்சி வெயில், குடிக்கத் தண்ணீர் இல்லாமல் தவித்த கூட்டம், வெளியேற வழியில்லாத சாலைகள். 'வெளியிலிருந்து தண்ணீர் பாட்டில் கொண்டுவரக் கூடாது' என்று ஒரு விழா விதி போட்டால், உள்ளே தண்ணீர் எங்கே, எவ்வளவு என்று அதே இடத்தில் எழுதச் சொல்லிக் கேளுங்கள்.

மாற்றுத்திறனாளி நண்பரை அழைத்துப் போகிறீர்கள் என்றால் சக்கர நாற்காலி போகும் பாதை இருக்கிறதா என்று கேட்பதில் தயக்கமே வேண்டாம். கலை நிகழ்வுகளில் அவர்களும் பங்கேற்க வகை செய்ய வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்கிறது.

தங்கும் இடம் காட்டை ஒட்டியதாக இருந்தால் கேள்வி இன்னும் கடுமையாக இருக்க வேண்டும். தேனி மாவட்டம் குரங்கணியில் 2018 மார்ச் 11 அன்று காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் இறந்தார்கள். அந்த மலையேற்றக் குழுக்களில் சென்னையிலிருந்து போனவர்களும் இருந்தார்கள். அவர்கள் சென்றது அனுமதி பெறாத பாதை. 2021 ஜனவரியில் வயநாடு மேப்பாடியில் கூடாரத்தில் தங்கப் போன ஓர் ஆசிரியை யானை தாக்கி இறந்தார். வனத்துறை அனுமதிக் கடிதத்தில் பாதை, தேதி, ஆட்களின் எண்ணிக்கை மூன்றும் இருக்கும். 'பேசிட்டோம், ரேஞ்சர் தெரிஞ்சவர்தான்' என்று சொன்னால் போகாதீர்கள். முகாம் நடத்துவோர் சுற்றுலாத் துறையில் பதிவு செய்யும் முறையும் தமிழ்நாட்டில் வந்துவிட்டது. பதிவு எண் கேளுங்கள்.

கூடாரத்துக்குள் ஓர் இரவு

கிழக்குக் கடற்கரைச் சாலையில் சவுக்குத் தோப்புக்குள் கூடாரம் போடும்போது பலர் கொசுவை மட்டும்தான் நினைக்கிறார்கள். நினைக்க வேண்டியது கட்டுவிரியன். அது இரவில் நடமாடும். தரையில் படுத்துத் தூங்குகிறவரைக் கடிக்கும். கடித்த இடத்தில் பெரிய வலியோ வீக்கமோ இருக்காது, பல் பட்ட தடம்கூடத் தெரியாமல் போகலாம். எறும்பு கடித்தது என்று திரும்பிப் படுத்துவிடுவார்கள். விடியும்போது வயிற்றுவலி, தொண்டை அடைப்பு, கண் இமைகள் தானாகச் சரிந்து மூடுவது. கொஞ்ச நேரத்தில் மூச்சுத் திணறல். காலையில் ஒருவர் கண்ணைத் திறக்க முடியாமல் தடுமாறினால் நேற்று ராத்திரி குடித்தது இறங்கவில்லை என்று கேலி செய்யாதீர்கள், உடனே 108-ஐ அழையுங்கள். கடித்த இடத்தைக் கீறுவதும், வாய் வைத்து உறிஞ்சுவதும், கயிறு போட்டு இறுக்குவதும் கெடுதல். கையையோ காலையோ அசைக்காமல் வைத்து, நஞ்சுமுறி மருந்தும் செயற்கைச் சுவாசக் கருவியும் உள்ள அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். அந்தப் பக்கத்தில் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. அதே கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978 முதல் எடுத்துத் தரும் நஞ்சிலிருந்துதான் நாடெங்கும் நஞ்சுமுறி மருந்து தயாராகிறது. பாம்பு அங்கே அத்தனை சகஜம்.

ஆகவே அடித்தளம் தைத்த, ஜிப் முழுதாக மூடும் கூடாரம்தான் வேண்டும். ஏற்பாட்டாளர் கூடாரம் தருகிறார் என்றால், போனவுடன் வெளிச்சம் இருக்கும்போதே உள்ளே உட்கார்ந்து ஜிப்பை இழுத்துப் பாருங்கள். மூலையில் இரண்டு விரல் நுழையும் அளவு பல் விட்டிருந்தால் மாற்றித் தரச் சொல்லுங்கள். சாப்பாட்டுப் பொட்டலத்தை உள்ளே வைத்தால் எலி வரும், எலியைத் தேடிப் பாம்பு வரும். இரவில் கழிவறைக்குப் போகும்போது டார்ச்சும் ஷூவும் கட்டாயம். ஷூவைக் கவிழ்த்துத் தட்டிவிட்டுப் போடுங்கள்.

குளிருக்கென்று கரி அடுப்பைக் கூடாரத்துக்குள் கொண்டுபோகிறவர்கள் உண்டு, குறிப்பாகக் கொடைக்கானல், ஏலகிரிப் பக்கம். மணமும் நிறமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு தூக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும். ஜெனரேட்டரின் புகை கூடாரங்கள் பக்கம் வீசினாலும் இதே ஆபத்து. இடி கேட்டால் மரத்தடியும் கூடாரமும் பாதுகாப்பல்ல. கட்டடத்துக்குள் அல்லது கண்ணாடி ஏற்றிய காருக்குள் போங்கள், கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்து வெளியே வாருங்கள். இரவில் கடலில் இறங்காதீர்கள். கோவளம், மாமல்லபுரம் கடலை அறிந்த மீனவர்களே அந்த நேரத்தில் குளிக்க இறங்குவதில்லை.

பெண்களுக்கு, பெண்களோடு போகிறவர்களுக்கு

கூட்டத்தில் தொட்டுவிட்டுப் போனவனைச் சகித்துக்கொண்டு பாட்டைக் கேட்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. தகாத தொடுதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 74, 75 ஆகிய பிரிவுகளில் குற்றம். உடை மாற்றுமிடத்தில், குளியலறையில், கூடாரத்துக்குள் ரகசியமாகப் படம் பிடிப்பது 77-ஆம் பிரிவு. விடாமல் பின்தொடர்வது 78. இவை போக, 1998-இல் சென்னையில் கல்லூரி மாணவி சரிகா ஷா கேலிக் கும்பலால் உயிரிழந்த பிறகு தமிழ்நாடு கொண்டுவந்த பெண்கள் மீதான துன்புறுத்தலைத் தடுக்கும் சட்டமும் இருக்கிறது. பூங்கா, கடற்கரை, திருவிழா நடக்கும் இடம் ஆகியவற்றை அது பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது.

'இது எங்க லிமிட் இல்லம்மா' என்று எந்தக் காவல் நிலையமும் திருப்பி அனுப்ப முடியாது. குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் முதல் தகவல் அறிக்கை பதியலாம் என்று 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆவது பிரிவு சொல்கிறது. மாமல்லபுரத்தில் நடந்ததற்கு மயிலாப்பூரில் புகார் கொடுக்கலாம். மின்னஞ்சல் போன்ற மின்னணு வழியில் தகவல் தந்துவிட்டு மூன்று நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்திடலாம். இதுபோன்ற புகார்களைப் பெண் அதிகாரிதான் பதிய வேண்டும். நகலை இலவசமாகத் தர வேண்டும். உடனடி உதவிக்கு 112, பெண்கள் உதவிக்கு 181.

ஒன்று சொல்லியே ஆக வேண்டும். சிறிய விழாக்களில் தவறு செய்தவன் பெரும்பாலும் ஏற்பாட்டாளரின் நண்பனாகவோ நண்பனின் நண்பனாகவோ இருப்பான். 'போலீஸ்லாம் எதுக்கு, நாங்க பேசிக்கிறோம்' என்று சமாதானம் பேச வருவார்கள். முடிவு செய்ய வேண்டியவர் பாதிக்கப்பட்டவர் ஒருவர்தான். உடன் வந்தவர்களின் வேலை அவர் பக்கத்தில் நிற்பது, நேரத்தையும் இடத்தையும் குறித்துக்கொள்வது, அவரோடு நிலையம் வரை போவது.

பத்து மணிக்குப் பிறகு

ஒலிமாசுக் கட்டுப்பாட்டு விதிகள், 2000-இன்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. ஆண்டுக்கு 15 நாளுக்கு மேற்படாமல் பண்டிகை, விழா நாட்களுக்கு மாநில அரசு நள்ளிரவு வரை தளர்வு தரலாம், அவ்வளவுதான். குடியிருப்புப் பகுதிக்கான அளவு பகலில் 55 டெசிபல், இரவில் 45. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் இவற்றைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம். தியாகராய நகரிலோ அடையாறிலோ பக்கத்து மைதானத்துப் பேஸ் ஒலியில் ஜன்னல் அதிர்ந்தால் 112-ஐ அழைக்க உங்களுக்கு உரிமை உண்டு. விழாவுக்குப் போகிறவருக்கும் இதில் அக்கறை இருக்க வேண்டும்: 'விடிய விடிய இசை' என்று விற்கப்படும் டிக்கெட் பெரும்பாலும் பத்து மணிக்குக் காவல்துறை வந்து நிறுத்தும் டிக்கெட். அப்படி நின்றால் அது விளம்பரம் செய்ததைத் தராத குறை. பணம் திரும்பக் கேட்கலாம்.

பணம் திரும்ப வர

டிக்கெட்டின் கீழே பொடி எழுத்தில் இரண்டு வரிகள் எப்போதும் இருக்கும்: பணம் திருப்பித் தரப்படாது, உங்கள் சொந்தப் பொறுப்பில் வருகிறீர்கள். அதைப் படித்துவிட்டுப் பலர் அங்கேயே கைவிட்டுவிடுகிறார்கள். ஆனால் குறைபாடான சேவைக்கு, ரசீதில் குறித்த காலத்துக்குள், காலம் குறிக்காவிட்டால் 30 நாளுக்குள் பணம் திருப்பித் தர மறுப்பதை நியாயமற்ற வணிக நடைமுறை என்றே நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 வரையறுக்கிறது. ஏற்பாட்டாளரின் அலட்சியத்தால் ஒருவர் காயப்பட்டால், 'சொந்தப் பொறுப்பு' என்ற வரியைக் காட்டி ஏற்பாட்டாளர் தப்பித்துவிட முடியாது. நியாயமாக நடந்துகொள்வதும் முடியாத காரியமல்ல. திருவிடந்தையில் 2025 ஜூலையில் நடக்கவிருந்த அனிருத்தின் கச்சேரி, எதிர்பார்த்ததைவிடக் கூட்டம் அதிகம் என்பதால் ஒத்திவைக்கப்பட்டு, டிக்கெட் பணத்தைத் திருப்பித் தருவதாக அறிவித்து, ஆகஸ்டில் கூவத்தூரில் நடந்தது.

டிக்கெட் விற்ற இணையதளத்துக்கு முதலில் எழுதுங்கள். 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி அவர்களின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்தில் புகாரை ஏற்றதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். பதில் இல்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கும் ஆகவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். விழா புதுச்சேரியில் நடந்தாலும் வயநாட்டில் நடந்தாலும், நீங்கள் வசிக்கும் ஊரில், அதாவது சென்னையிலேயே வழக்குப் போடலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது. வக்கீல் வைக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. இணையத்திலேயே 'இ-ஜாக்ரிதி' தளத்தில் தாக்கல் செய்யலாம். ஏற்பாட்டாளர், டிக்கெட் தளம் இருவரையும் எதிர்தரப்பாகச் சேருங்கள். ஒருவர் மற்றவரைக் கைகாட்டி நழுவுவது அப்போதுதான் நிற்கும். ஆணையத்தின் உத்தரவை மதிக்காதவருக்குச் சிறைத் தண்டனைவரை சட்டத்தில் இடமிருக்கிறது.

ஒரு நுணுக்கம். முற்றிலும் இலவசமான விழாவில் நீங்கள் சட்டப்படி நுகர்வோர் ஆக மாட்டீர்கள்; அங்கே குறை என்றால் காவல்துறையும் உரிமையியல் நீதிமன்றமும்தான். நண்பர்கள் வட்டத்து விழாக்களில் டிக்கெட்டை 'நன்கொடை', 'பங்களிப்பு' என்று எழுதி வாங்குவது வழக்கம். பணம் கட்டினால்தான் நுழைவு என்று சொல்லும் செய்தி, போஸ்டர், யுபிஐ ரசீது மூன்றையும் எடுத்துவையுங்கள். அது நுழைவுக்கான விலை என்று காட்ட அவைதான் சான்று. போலி டிக்கெட்டில் ஏமாந்தவர்கள் தாமதிக்காமல் 1930-ஐ அழைக்க வேண்டும்; பணம் கைமாறுவதற்குள் வங்கிக் கணக்கை முடக்க வாய்ப்பு இருக்கிறது.

வாசலில் திருப்பி அனுப்பப்பட்டால் அங்கேயே நின்று வாசல் எண்ணும் நேரமும் தெரியும்படி ஒரு காணொளி எடுங்கள். பக்கத்தில் அதே நிலையில் நிற்கும் நான்கு பேரின் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். கைப்பட்டையை அறுத்து எறியாதீர்கள். நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடுக்க இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. டிக்கெட்டையும் படங்களையும் அதுவரை அழிக்காமல் வைத்திருங்கள்.